ரெ. பக்கிரிசாமி, எண் ஒன்பது

படம் எடுக்க வந்தவர்கள்
முதலில் என் உயரத்தைப் பார்த்தார்கள்.
பிறகு கையிலிருந்த பழைய செய்தித்தாள் நகலை.
பிறகு ஒருவரையொருவர்.

நான்தான், என்றேன். ஐந்தடி மூன்றங்குலம்.
உரக்கடை பில் புத்தகத்தில் பெயர் இருக்கிறது,
வேண்டுமானால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூற்று மூன்றில்
மன்னார்குடிக் கல்லூரியின் கூடைப்பந்து அணி
கோப்பையோடு லாரியில் ஏறி
தெப்பக்குளத்தின் நான்கு கரையும் சுற்றியபோது
நான் வடுவூர்ப் பக்கம் ஓர் அரவை மில்லில்
தவிட்டு மூட்டைக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தேன்.
கடைமடைக்குத் தண்ணீர் வராத வருஷம்.
கட்டணம் நானூற்றுப் பத்து ரூபாய்.
நான் நின்றுவிட்டேன்.
வருகைப் பதிவேட்டில் என் பெயர் மட்டும்
நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

சும்மா போகிற பெயரைப் பிடித்து
உடற்கல்வி ஆசிரியர்
அக்கரைப்பேட்டை தேசப்பனுக்கு மாட்டிவிட்டார்.
ஆறடி நாலு. வலை இழுத்த தோள்.
எட்டாவது தாண்டாதவன்
ஒரே நாளில் இரண்டாம் ஆண்டு விலங்கியல்.

எனக்குத் தெரியவந்தது போண்டாவால்.
எண்ணெய் ஊறிய தாளில்
பின்பக்கத்து ஜவுளி விளம்பரத்தோடு கலந்து
பக்கிரிசாமி முப்பத்தொரு புள்ளி.
மூன்று தரம் படித்தேன்.
"ஒம் பேருதானே?" என்றார் கடைக்காரர்.
"ஊர்ல எத்தனை பக்கிரிசாமி," என்றேன்.
அன்றிரவு மில் கூரையின் குறுக்குச் சட்டத்தை
எம்பித் தொடப் பார்த்தேன்.
இதைக் கேமராவிடம் சொல்லவில்லை.

தோற்ற கல்லூரி மனுப் போட்டது.
விசாரணை வந்தது. கோப்பை திரும்பிப் போனது,
லாரியில் விழுந்த ஒடுக்கோடு.
ரெ. பக்கிரிசாமி
ஐந்தாண்டுகள் எந்தக் களத்திலும் ஆடக் கூடாது.
நான் பந்தைத் தொட்டதே இல்லை.
தொண்ணூற்றைந்தில் பணம் சேர்த்துக்கொண்டு
மறுபடி சேரப் போனேன்.
குமாஸ்தா கோப்பைப் புரட்டினார், நிமிர்ந்தார்,
"நீயாப்பா அது?"
அந்தக் குரலில் பாதி மரியாதை.
இடம் மட்டும் இல்லை.

"கோபம் உண்டா சார்?
கொஞ்சம் இடைவெளி விட்டுச் சொல்லுங்க."
விட்டேன்.
அந்த இடைவெளியில் ஒருவர் மொபெட்டில் வந்து
அரை மூட்டை யூரியா கேட்டார்.

மற்றவர்களும் பேசியிருக்கிறார்கள்.
திருடர்கள் என்கிறார் ஓய்வுபெற்ற நடுவர்,
சொல்லிவிட்டு, கடைசி நான்கு நிமிடத்தை
சாப்பாட்டு மேசைமேல்
உப்புக் கிண்ணத்தையும் டம்ளர்களையும் நகர்த்தி
அப்படியே ஆடிக் காட்டுகிறார்.
உப்புக் கிண்ணம்தான் ஒன்பதாம் எண்.
அதை மட்டும் திருப்பி வைக்க மனமில்லாமல்
கையிலேயே வைத்திருக்கிறார்.

கடைசிக் காட்சிக்கு என்னை
பழைய ஆடுகளத்துக்கு அழைத்துப் போனார்கள்.
சிமென்ட் வெடிப்பில் கோரை.
வளையம் உண்டு, வலை இல்லை.
"ஒரே ஒரு தடவை போடுங்க சார்."
ஒரு தடவை, பதினாலு தடவை ஆனது.
பலகையில் பட்டது, கம்பத்தில் பட்டது,
ஒலிவாங்கி பிடித்த பையன்மேல் பட்டது.
வெளிச்சம் போய்விட்டது.
"பரவாயில்ல சார், பாத்துக்கறோம்," என்றார்கள்.

கல்யாண மண்டபத்தில் திரையிட்டார்கள்.
முன்வரிசையில் உட்கார வைத்தார்கள்.
முடிவில் என் முகம், பிறகு கைகள்,
பந்து மெதுவாக எழும்பி
வளையத்தைத் தொடாமல் உள்ளே இறங்கியது.
மண்டபம் எழுந்து நின்று தட்டியது.
நானும் தட்டினேன்.
திரையில் இருந்தவை நீண்ட விரல்கள்.
என் சுண்டுவிரல் தையல் ஊசி பட்டு வளைந்தது.
கீழே என் பெயர் ஓடியது.

இரவு பதினொன்றரைக்குத் தெரியாத எண்.
காரைக்கால் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறானாம்.
முப்பது வருஷத்தில் முதல் பேச்சு.
வணக்கமில்லை, மன்னிப்பில்லை.
"யாரு பக்கிரி அந்தப் பய?
முழங்கை இப்படியா விரியும்?
நம்ம பேரக் கெடுத்துட்டானே."