மூன்றாம் ஊர், இடது மூலை வீடு

ஓமகாரிக்கு இரண்டு நிறுத்தம் முன்னால்
பனியில் நின்றுவிட்டது வண்டி.
"சிரமத்துக்கு மன்னிக்கவும்" என்கிறது ஒலிபெருக்கி
ஏழாவது முறையாக, அதே குனிந்த குரலில்.
எதிர் இருக்கைக்காரர் உறங்கிவிட்டார்,
பூட்ஸிலிருந்து நீர் வடிந்து என் பக்கம் வருகிறது.
பையிலிருந்து நேற்று வாங்கிய விளையாட்டை எடுக்கிறேன்.
உள்ளங்கையில் இரண்டு திரை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்:
இது அந்தப் பெரிய கதை இல்லை.
அதன் விலாவில் முளைத்த கிளை.
வாள் இல்லை, டிராகன் இல்லை,
உலகம் அழியப்போகிறதென்று
யாரும் மூச்சிரைக்க ஓடிவருவதில்லை.
நீங்கள் மூன்றாம் ஊரில், இடது மூலை வீட்டில்
ஊறுகாய் போட்டு விற்பவர்.

பெரிய கதையில் உங்களுக்கு ஒரே ஒரு வசனம்:
"இன்று காற்று வடக்கிலிருந்து."
எத்தனை தடவை கேட்டாலும் அதேதான்.
அசடு என்று நினைத்திருந்தேன்.
இப்போது தெரிகிறது,
வடக்குக் காற்றில்தான் முள்ளங்கி சீராகக் காயும்.

மிஸுயே கடையிலேயே சிரித்தாள்:
"சண்டை இல்லாத சண்டைக்கதையைக்
காசு கொடுத்து வாங்குவாயா?"
நானும் அவளும் ஒரே மேசையில்
பொய்ப்பல் செய்கிறவர்கள்.
பன்னிரண்டு வருடம், எத்தனையோ ஆயிரம் பல்.
ஒரு வாயையும் பார்த்ததில்லை.

குறைகள் உண்டு.
எழுத்து எறும்புக்கால்.
உப்பை எடுக்க மூன்று இடத்தில் தட்ட வேண்டும்.
முதல் ஒரு மணி நேரம்
சொல்லிக்கொடுத்தே கழுத்தறுக்கிறார்கள்:
இது ஜாடி, இது மூடி, இது ஜாடியின் மூடி.
கீழ்த் திரையில் குச்சியால் உப்பைத் தேய்க்கும்போது மட்டும்
கை தானாக மெதுவாகிறது.
அழுத்தினால் முள்ளங்கி ஒடிகிறது.
பின்னணியில், பழைய போர் இசையையே
இழுத்து நீட்டி
ஒற்றைக் குழலில் யாரோ ஊதுகிறார்.
அதை நான் கண்டுபிடிக்க நாற்பது நிமிடம்.

பெட்டியின் பின்புறம் பொடி எழுத்தில் ஒரு வரி:
பழைய அட்டையை அடித்துளையில் செருகினால்
ஓர் ஆச்சரியம்.
செருகித்தான் இருந்தேன்.

கதவு திறக்கிறது.
தட்டவில்லை. காலணியைக் கழற்றவில்லை.
மேல் திரையில் பெயர் விழுகிறது:
ஆஆஆஆ.

பதினோரு வயதில் நான் வைத்த பெயர்.
வைத்ததென்றும் சொல்ல முடியாது,
எழுத்துப் பட்டியலின் முதல் கட்டத்தில் நின்ற விரல்
நகரப் பொறுமையில்லாமல்
நான்கு முறை அழுத்தியது, அவ்வளவுதான்.
அந்தப் பெயரோடு அவன் உலகத்தைக் காப்பாற்றினான்.
மன்னர்கள் மண்டியிட்டு
"ஆஆஆஆ அவர்களே" என்றார்கள்.

நேரே ஜாடிகளிடம் போகிறான்.
ஒன்று. இரண்டு. நான்கு. ஏழும்.
ஏழாவதில் மூன்று காசு இருந்தது.
நாளைக்கு உப்பு வாங்க
நான்தான் ஒளித்து வைத்தேன், போன மணி நேரம்.
அவன் அதைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டுகிறான்,
சின்ன வெற்றி இசையோடு.
அந்த இசைக்கு என் தோள்
இன்னும் நிமிர்கிறது, வெட்கம்.

எனக்கு இரண்டு பொத்தான் தருகிறார்கள்:
பெருக்கு. பேசு.

பேசு.

எத்தனையோ கேட்கலாம்.
அந்த மூன்று காசில் என்ன வாங்கினாய்?
கடைசிக் கோட்டையில் நாற்பதாயிரம் வைத்திருந்தாயே?
என் வாயிலிருந்து வந்தது:
"இன்று காற்று வடக்கிலிருந்து."

அவன் நின்றான்.
இன்னொரு முறை அழுத்தினான், எனக்குத் தெரியும்,
நானும் எப்போதும் இரண்டு முறை அழுத்துவேன்,
இரண்டாவதில் வேறேதும் சொல்வார்களோ என்று.
"இன்று காற்று வடக்கிலிருந்து."
போய்விட்டான். கதவைச் சாத்தவில்லை.

இதுவரை மூன்று மணி நேரம்.
தீர்ப்புச் சொல்ல இது போதாது.
விளக்கு சிவப்பாகிவிட்டது.
மிஸுயேவுக்குச் செய்தி தட்டினேன்:
"வாங்கலாம். எழுத்துதான் பொடி."
வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தபோது
எதிர் இருக்கைக்காரர் கண்விழித்து,
தன் பூட்ஸ் நீரைப் பார்த்து,
என்னிடம் தலை குனிந்தார்.
பரவாயில்லை என்றேன்.
கீழ்த் திரையில், குச்சியின் முனையில்,
இன்னும் இரண்டு ஜாடித் துண்டு.