கொள்முதல் தராசில் மூன்று ரம்பங்கள்

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடினால்
என் பட்டறைக்கு ஒரு சண்டை வந்துவிடும்.
இன்றைக்கு வந்தது எடைச் சண்டை.

கனமிருந்தால்தான் மெஷின் என்கிறான் வைரக்கண்ணு.
மரத்தின் மேல் வைத்தால் போதும், தானே இறங்கும்,
நீ அழுத்த வேண்டியதில்லை;
அழுத்தினால் அறுபடுவது உன் தோள்.

ஜெகபர் சிரிக்கிறான்.
தென்னை உச்சியில்
ஒரு கால் மட்டையில், ஒரு கால் கயிற்றில்
நின்று பாருங்க மச்சான்,
கிராம் கிராமாத் தெரியும்.

அந்தோணிராசு பேசவில்லை.
லோடு ஆட்டோ விளிம்பில் உட்கார்ந்து
செயினின் பல் ஒவ்வொன்றுக்கும்
அரத்தால் மூன்று இழுப்பு.
இடதுகைக்காரன். சோற்றுக்கும் ரம்பத்துக்கும் மட்டும் வலது.
மாற்றிப் பிடித்தால்
செயின் எகிறும் கோட்டில் முகம் வந்துவிடும்.
எந்தக் கம்பெனியும் அவன் கைக்குச் செய்யவில்லை.

எதிரே கொள்முதல் நிலையம். நெல் வராத மாதம்.
சிப்பம் நாற்பது கிலோ, அதற்குக் கீழே
இந்தத் தராசுக்குப் பழக்கமில்லை என்றாள்
பில் போடும் தையல்நாயகி.
தட்டிலிருந்த பதரை ஊதிவிட்டு
வைங்க என்றாள்.

ஏழு இருநூறு.
நாலு அறுநூறு.
ஐந்து தொள்ளாயிரம்.
பில்லின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு
ஈரப்பதம் எவ்வளவு என்றாள்,
சிரிக்காமல்.

வெறும் டேங்கா நிறை டேங்கா, கேட்டான் ஜெகபர்.
காலை எட்டு மணி எடையா
சாயங்காலம் நாலு மணி எடையா,
அப்போதுதான் வாயைத் திறந்தான் அந்தோணிராசு.
தராசில் அதற்குப் பொத்தான் இல்லை.

திரும்பி வந்து நான் ஒரு காரியம் செய்தேன்.
முன்பிடியில் கயிறு கட்டி
ஒவ்வொன்றாய்க் கொக்கியில் தொங்கவிட்டேன்.
வைரக்கண்ணுவின் மெஷின் மூக்கைச் சாய்த்துத்
தரையை முகர்ந்தது.
ஜெகபருடையது வாலில் உட்கார்ந்து ஓட்டைப் பார்த்தது.
அந்தோணிராசுவினுடையது
ரசமட்டம் வைத்தாற்போல் நின்றது.

அதனால் என்ன, என்றான் வைரக்கண்ணு.
நான் அறுக்கிறது படுத்துக் கிடக்கிற மரம்.
அது குனியட்டும், நான் குனிய வேண்டாம்.
அவன் பிடியில் சுற்றியிருக்கும் சைக்கிள் டியூப்
அவன் விரல் பள்ளத்தில் மட்டும் வழவழப்பு.
வேறு யார் பிடித்தாலும் வழுக்கும்.

கேட் திறக்கவும் போன் வரவும் சரியாக இருந்தது.
கோரையாற்றுக் கரையில் தூங்குமூஞ்சி விழுந்து
பாதி ரோட்டில், பாதி தண்ணீரில்.
ஸ்பார்க் பிளக் இரண்டைப் பையில் போட்டு
நானும் பின்னால் போனேன்.

வைரக்கண்ணு மேலிருந்து இறக்கினான்.
முக்கால் போனதும் மரம் ஒரு மூச்சு விட்டது,
அறுத்த வாய் மூடிக்கொண்டது.
ஏழு கிலோவும் உள்ளே.
ஆட்டினான், திட்டினான், வரவில்லை.

கீழிருந்து மேலாக அறுத்தால்தான் வாய் திறக்கும்.
அதற்குச் சரிவில் இறங்க வேண்டும்,
இடுப்பளவு தண்ணீர், காலடியில் களிமண்.
ஜெகபருக்கு மரத்தின் உச்சி பயமில்லை,
ஆறு பயம்.
தன் சின்ன மெஷினை அந்தோணிராசுவிடம் நீட்டினான்.
வைரக்கண்ணு அவன் பெல்ட்டைப் பின்னாலிருந்து
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

எப்படியிருக்கு?
லேசா இருக்கு.
கொஞ்சம் கழித்து, தூள் கண்ணில் விழ:
லேசா இருக்கிறதுதான் பயமா இருக்கு.
துள்ளுது.

மரம் வாய் திறந்தது.
சிக்கிய ரம்பத்தை உருவி
முதலில் பிடியைத்தான் துடைத்தான் வைரக்கண்ணு.
எது நல்ல மெஷின் என்று
பிறகு யாரும் கேட்கவில்லை. தீர்ந்ததாகவும் இல்லை;
நாளைக்கும் கேட் மூடும்.

பாலத்தடி டீக்கடை.
மூன்று பேரும் கிளாஸை
இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார்கள்.
அப்படியும் விளிம்பில் அலை.
அது நூறு மில்லிகூட வராது.