ஆவ் சிராஜுக்கு, சாவி வைத்திருப்பவள்

உம்மைப் பற்றி ஹராரில் மூன்று கதைகள்.
காபி வறுக்கும் மக்கியா சொல்வது:
பஞ்ச வருஷத்தில் மதிலின் நீர்த்துளை வழியே வந்த
கழுதைப்புலிகளுக்கு நீர் கஞ்சி வார்த்தீர்,
நெய் விட்டு.
அன்றிலிருந்து அவை
எங்கள் பிள்ளைகளைத் தொடுவதில்லை.

சந்தையில் காட் இலை விற்பவர்களுக்கு இது போதாது.
அவர்கள் கதையில் நீர்
ஒரு பாறைமேல் உட்கார்ந்து
செங்கடலைத் தாண்டி வருகிறீர்,
செருப்பு நனையாமல்.

மூன்றாவது,
கூரை ஒழுகிய மாதம்
கொத்தனார் ரெம்ஸி சுவரிடுக்கில் உருவிய காகிதம்:
‘சிராஜ், உப்பு வியாபாரி.
ஏழு கட்டி பாக்கி.
ஆளைக் காணோம்.’

ரெம்ஸிக்குப் படிக்கத் தெரியாது.
நான் யாரிடமும் காட்டவில்லை.

சாம்பிராணி போட்டுக் கதவைச் சாத்துகையில் மட்டும்
குனிந்து கேட்பேன்:
கடனுக்குப் பயந்து ஓடியவரே,
கஞ்சிக்கு நெய் எதை விற்று வாங்கினீர்?

பச்சைப் போர்வை அசையவில்லை.

வெளியே நீர்த்துளையில் ஈர மூச்சு.
கிண்ணத்தைத் தள்ளி வைக்கிறேன்.
முதலில் மூக்கு வருகிறது,
வெகுநேரம் கழித்துக் கண்.
இன்று உப்புக் கூடிவிட்டது, எனக்கே தெரியும்.
அடிக்கிண்ணம்வரை நக்கிவிட்டு
இன்னும் நிற்கிறது.