எழுபத்திரண்டுக்கு அப்பால்

திங்கட்கிழமைக் கப்பலில் வந்தது மடிக்கணினி,
டோர்ஸ்ஹவன் துறைமுக அலுவலகத்துக்கு ஒன்றே ஒன்று.
வியாழனுக்குள் நீரோட்ட அட்டவணை வேண்டும் என்று
எய்துன் சொல்லிவிட்டான்.
சொல்லிவிட்டுக் காபி எடுக்கப் போனான்.

நிரல் இருக்கிறது. ஃபோர்ட்ரான்.
தீவுகளுக்கு நடுவே கடல் எந்த மணிக்கு
எந்தப் பக்கம் புரளும் என்று அதற்குத்தான் தெரியும்.
அது குடியிருந்த பழைய கணினி
ஞாயிறு இரவு கண்மூடிவிட்டது.

எடிட்டரை நிறுவினேன். அழகு.
கறுப்புத் திரை, ஊதா நிறக் கட்டளைகள்.
ஃபோர்ட்ரானுக்கு என்று ஒரு நீட்சி,
அது கேட்டது என்று இன்னொன்று,
அதுவும் கேட்டது என்று பைத்தான்.
கம்பைலரை மட்டும் யாரும் கேட்கவில்லை.
மாப்பிள்ளையை மறந்த கல்யாணம்.

இறக்கினேன். பாத்தில் எழுதினேன். ஓட்டு என்றேன்.
அப்படி ஒரு கோப்பு இல்லை என்றது.
இருக்கிறது என்றேன்.
இல்லை என்றது.
இதில் ஒரு மணி நேரம்.

குற்றவாளி நான்.
என் பெயர் ரன்வா. எங்கள் எழுத்தில் எழுதினால்
கடைசி உயிரின் தலையில் ஒரு சாய்கோடு நிற்கும்.
கணினி என் பெயரில் வீடு திறந்து
நிரலை அதற்குள் வைத்திருந்தது.
வாசலில் அந்தக் கோட்டைப் பார்த்து
திரும்பிப் போயிருக்கிறது கம்பைலர், ஒவ்வொரு முறையும்.
ஞானஸ்நானத்தில் வைத்த பெயர்.
முப்பத்தாறு வருடமாக யாரும் படிக்கத் திணறியதில்லை.
(டென்மார்க்கில் திணறினார்கள். அது வேறு.)

வட்டின் வேரிலேயே ஒரு ஃபோல்டர் திறந்தேன்.
பெயர் ஒரே எழுத்து, எஃப்.
யாருடைய வீடும் இல்லை அது.
உடனே உள்ளே வந்தது.

பிறகு நானூற்றுப் பதினொரு பிழைகள்.

பழைய சட்டம்: வரி எழுபத்திரண்டாம் கட்டத்தில் முடியும்.
அதற்கப்பால் நீ என்ன எழுதினாலும் காதில் விழாது.
இடையில் எவரோ நீளமாக எழுதியிருக்கிறார்;
அடைப்புக்குறிகள் விளிம்பைத் தாண்டி விழுந்துகிடந்தன.
அமைப்புக் கோப்பில் ஒரு சொல் சேர்த்தேன்:
எவ்வளவு நீண்டாலும் படி.
பிழைகள் பூஜ்யம்.
எழுந்து நின்று கைதட்டினேன்.
எய்துன் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினான்.

அட்டவணை வந்தது.
நோல்சோய் நீரிணையில் நீரோட்டம் பூஜ்யம்.
காலை பூஜ்யம், மாலை பூஜ்யம்,
பௌர்ணமிக்கும் பூஜ்யம்.
ஜன்னலுக்கு வெளியே ஒரு மிதவை
கயிற்றை இழுத்துக்கொண்டு வடக்கே சாய்ந்து நின்றது.

சிவப்புப் புள்ளி ஒன்று வைத்தேன். ஓட்டம் அங்கே நின்றது.
சுட்டியைக் கொண்டுபோனால்
சின்னப் பெட்டியில் கிசுகிசுக்கிறது எடிட்டர்:
ஏழாம் கட்டத்தின் ஆழம், மீட்டரில்,
மூன்று லட்சத்து எண்பத்தோராயிரத்து நூற்று நாற்பது.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது சரி.
இந்த ஆழத்தில் விட்டால்
பூமியின் தோலைத் தாண்டிக் கால் வெந்துபோகும்.

கோப்பைத் திறந்தேன்.
முப்பத்தெட்டு என்றுதான் இருக்கிறது.
திரையை வலப்பக்கம் நகர்த்தினேன்.
வெற்றிடம், வெற்றிடம், வெற்றிடம்,
வரியின் கடைசியில், தனியாக: 1140.

துளை அட்டைக் காலத்து எண்.
கட்டு தரையில் கொட்டிப்போனால் திரும்ப அடுக்குவதற்கு.
இந்த ஒரு கோப்பில் மட்டும் அழிக்காமல் விட்டிருக்கிறார்கள்.
இந்த மொழிக்கு இடைவெளி ஒரு பொருட்டே இல்லை;
படி என்றதும் படித்துவிட்டது,
முப்பத்தெட்டையும் ஆயிரத்து நூற்று நாற்பதையும்
ஒரே மூச்சில்.

யார் மேல் கோபப்படுவது?
காது கேட்காதவரை நன்றாகத்தான் இருந்தது.
காதைத் திறந்துவிட்டது நானல்லவா.

அந்தக் கோப்புக்கு மட்டும்
பழைய எல்லையைத் திருப்பிக் கொடுத்தேன்.

புதன் மாலை.
நோல்சோய்: வடக்கு நோக்கி. நான்கு பத்துக்குத் திரும்பும்.

மிதவையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நான்கு பத்துக்குச் சாய்ந்துதான் நின்றது.
நான்கு பதினேழுக்கு நிமிர்ந்தது.

ஏழு நிமிடம், என்றான் எய்துன். தப்பு நிரலிலா, கடலிலா?

கடிகாரத்தில், என்றேன்.
எனக்குத் தெரியாது.