டேரல் பொய் சொல்லவில்லை

போன ஞாயிறு, தண்ணீரே இல்லாத ஃபிங்க் ஆற்றில்
எங்கள் பேட்ரோல் நான்கு மணி நேரம் நின்றது.
பின்சக்கரம் இரண்டும் தமக்குக் குழி தோண்டின.
முன்சக்கரங்கள்
விருந்துக்கு வந்தவர்கள் போலப் பார்த்துக்கொண்டிருந்தன.

இன்று சனி. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்.
காலை ஏழுக்கே முப்பது பாகை,
கார் கொட்டகைத் தகரம் டிக் டிக்கென்று நீள்கிறது.
அச்சை ஸ்டாண்டில் ஏற்றி, வலச் சக்கரம் கழற்றி,
பிரேக் காலிப்பரைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டேன்.
ஹப்பில் ஆறு போல்ட்.
ஐந்து வந்தன.
ஆறாவது ஒரு தேநீர் நேரம் யோசித்தது.

யசோதரன் டோர்ச் பிடிக்கிறான்,
நான் பார்க்கும் இடத்தில் அல்ல,
தான் பார்க்க விரும்பும் இடத்தில்.
"இஞ்சால" என்கிறேன்.
"இஞ்சாலதானே" என்கிறான்.

நான்கு வருடம் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது.
தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில்
வண்டியை நிறுத்தி இருவரும் இறங்குவோம்.
வலச் சக்கரம் அவனுடையது, இடம் என்னுடையது.
குனிந்து, நடுவிலுள்ள திருகியை
ஃப்ரீயிலிருந்து லாக்குக்குத் திருப்புவோம்.
"போட்டாச்சு" என்பான்.
"போட்டாச்சு" என்பேன்.
பிறகு ஏறி, ஏதோ பெரிய காரியம் முடித்தவர்கள் போலத்
தண்ணீர் குடிப்போம்.

சர்க்ளிப் தெறித்து எங்கோ போனது. தேடவில்லை.
ஹப் கையோடு வந்தது.
அதன் பின்னாலேயே
வரக்கூடாத ஒன்றும் வந்தது:
அச்சுத் தண்டின் நுனி, உள்ளங்கை நீளம்,
கிரீஸ் பூசிக்கொண்டு, இழுக்காமலே.

முறிந்த முகத்தைத் துடைத்துப் பார்த்தேன்.
ஞாயிறன்று முறிந்திருந்தால்
உடைத்த கற்கண்டு போல மின்னும்.
இது பழுப்பு.
ஆறிப்போன, விளிம்பு மழுங்கிய பழுப்பு.
நாங்கள் வாங்கும் முன்பே முறிந்தது.

டெனன்ட் கிரீக்கில் விற்றபோது டேரல் சொன்னான்:
"முன்னச்சா?
எனக்கு ஒருநாளும் அது தொல்லை தந்ததில்லை."

டிஃபரன்ஷியலுக்கு நீதி தெரியாது.
எதிர்ப்பு இல்லாத பக்கத்துக்கே
சுழற்சி முழுவதையும் அள்ளிக் கொடுக்கும்.
முறிந்த தண்டு உள்ளே சும்மா சுற்ற,
நலமாயிருந்த இடப்பக்கம்
ஒரு சொட்டுப் பலமும் வாங்காமல் உருண்டிருக்கிறது.
அதாவது நான் திருகியதும் வீண்.
அதாவது பாம் வேலி, அதாவது ரூபி கேப்,
எல்லாவற்றையும் பின்சக்கரங்களே
யாரிடமும் சொல்லாமல் கடந்திருக்கின்றன.

யசோதரன் டோர்ச்சை அணைத்தான்.
"இதை வச்சு எங்களைப் பற்றி
ஏதும் சொல்லிப்போடாதை."

சொல்லவில்லை.
வலப்பக்கம் உன்னுடையது என்றும் சொல்லவில்லை.

பேரிங், பூட்டு நட்டு, சுவிவலுக்குள்
கிரீஸும் கியர் ஆயிலும் கலந்த கறுப்புக் கூழ்.
மிச்சத் தண்டை உருவிப் பழைய துவாயில் கிடத்தினேன்.
புதியதை உள்ளே விட்டேன்.
கடைசி அங்குலம் கண்ணுக்கு அகப்படாது.
பல் பல்லைத் தேடும்.
மயிரிழை திருப்ப வேண்டும், தள்ளக் கூடாது.
பொருந்தும்போது சத்தம் வராது,
இரும்பு இடம் விடும், அவ்வளவுதான்.

இடப்பக்கத் தண்டையும் ஹப்பையும் மாற்றினேன்.
அதில் குறை ஒன்றுமில்லை.
ஜோடியாகத்தான் விற்கிறார்கள்.

மாலை, ஊருக்கு வெளியே, மண் தொடங்கும் இடம்.
இறங்கினோம். குனிந்தோம்.
என் விரலுக்குள் சின்னதாக ஒரு டக்.
நான்கு வருடம் இந்த டக் இல்லாததையே
ஹப்பின் இயல்பு என்று நினைத்திருந்தேன்.
அந்தப் பக்கம் அவன் நிமிர நேரமெடுத்தது.
"போட்டாச்சு" என்றான், கேள்வி போல.

மணலில் அவன்தான் ஓட்டினான்.
வளைவில் ஸ்டியரிங் அவன் கையை எதிர்த்தது.
"பாரமாக் கிடக்கு" என்றான்.

ஓம். இழுக்கிறது.