குடும்பப் பெயர்

பள்ளியில் என்னை ராயப்பன் என்றுதான் கூப்பிடுவார்கள்.
விண்ணப்பத்தில் ஒரு கட்டம் குடும்பப் பெயர் கேட்டது.
எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது.
ஏஜெண்ட் அப்பாவின் பெயரை எழுதி நிரப்பினார்.
ஜெசிந்தா என்பது ஒரு ஓரத்தில் கிடக்கிறது.

எனக்கு வந்திருப்பது என்ன வகைச் சக்தி என்று
இன்னும் சரியாகத் தெரியாது.
பறக்க வராது. சஜாவுக்குப் போக
ரோலாவில் பஸ்தான் பிடிக்க வேண்டும்.
போன நோன்பு மாதம் லிஃப்டில் சிக்கிய வாட்ச்மேனை
எல்லாரும் "பாய், பாய்" என்று தட்டிக்கொண்டிருந்தார்கள்.
நான் "ஷஃபீகுல் அண்ணே" என்றேன்.
கதவு திறந்துகொண்டது.

அவ்வளவுதான். ஒருவரின் பெயரைச் சரியாகச் சொன்னால்
அவரை அடைத்திருப்பது திறக்கும்.
ஊறுகாய் பாட்டிலிடம் சோதித்தேன்.
வேலை செய்யவில்லை.

அப்பா ஓட்டுவது லேபர் கேம்ப் பஸ்.
விடிகாலை நாலேகாலுக்கு அறுபத்திரண்டு பேர்,
கண்ணாடியில் சாய்ந்த அறுபத்திரண்டு தலைகள்.
ஏழு மாதமாய்ச் சம்பளம் இல்லை.
கேட்டால், ஓடிப்போனவன் என்று கேஸ்.
பாஸ்போர்ட் எல்லாம் ஆபீசில், இரும்புப் பெட்டியில்,
பத்திரமாக.

வெள்ளிக்கிழமை, ஜும்மா நேரம்.
அப்பாவின் ஒளிரும் பச்சை ஜாக்கெட், புழுதிக்கு ஒரு மாஸ்க்.
கண்ணாடியில் ரோடு வேலைக்காரன் தெரிந்தான்.
நல்லது.
ரோடு வேலைக்காரனை இந்த ஊரில் யாரும் பார்ப்பதில்லை.

பெட்டி என் இடுப்புயரம். பெயருக்கு ஒருமுறை
திறந்து, ஒன்றைத் துப்பி, மூடிக்கொண்டது.
தில் பகதூர். ரஹ்மத்துல்லா. இசக்கிப் பாண்டி.
வரிசை நகர்ந்தது, மெஸ்ஸில் நகர்வது போல.

"ஆறுமுகம்."
பெட்டி அசையவில்லை.
"ஆறுமுகம்."
"அது உங்க அப்பா பேரு இல்லையா?"
அவர் யோசித்தார். பதினோரு வருடம்
அட்டையில் ஆறுமுகம், சம்பளச் சீட்டில் ஆறுமுகம்,
காய்ச்சலுக்கு ஊசி போட்டவளுக்கும் ஆறுமுகம்.
செத்துப்போன மனிதரைச் சுமந்து
சாரம் ஏறியிருக்கிறார்.
"கோமதிநாயகம்" என்றார், கடன் கேட்கும் குரலில்.
நான் திருப்பிச் சொன்னேன்.
டக்.

ஐம்பத்தெட்டாவது ஆளின்போது விளக்கு எரிந்தது.
வாசலில் பி.ஆர்.ஓ., கையில் சாவிக்கொத்து.
சர்ச்சில் எங்களுக்கு முன் பெஞ்ச்.
சின்ன வயதில் எனக்குப் பேரீச்சம்பழச் சாக்லேட் தந்தவர்.
போனை எடுத்தார்.
எனக்கு வேறு ஆயுதம் தெரியாது.
"டென்சிங் ராஜ்" என்றேன்.

பெட்டி திறந்தது.
அவருடையதும் அதற்குள்தான் இருந்திருக்கிறது.

மீசை கறுத்த தன் படத்தைப் பார்த்தபடி
தரையில் உட்கார்ந்துவிட்டார்.
போன் கையிலேயே இருந்தது.
எங்களை விட்டாரா, மறந்தாரா,
இன்றுவரை அவரிடம் கேட்கவில்லை.

கடைசியாக ஒன்று.
வெளியே பஸ் உறுமிக்கொண்டிருக்கிறது.
கேம்ப் ஆட்களுக்கு ஏதோ கையெழுத்து என்றுதான்
அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள்.
"ராயப்பன்" என்றேன்.
திறக்கவில்லை.
வகுப்பில் ஆஜர் சொல்லும் அதே குரல். அது நான்.

ஹாரன் அடிக்கிறது. தொழுகை முடியப் போகிறது.
ஜன்னல் வழியே பார்த்தேன்:
ஸ்டியரிங்கில் ஒரு கை, துண்டால் பிடரியைத் துடைக்கும் ஒருவர்,
அவருக்கு ஐம்பத்தோரு வயது, இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும்.
அப்பா என்று வந்த வாயை மூடினேன்.
மறுபடி திறந்தேன்.
மெதுவாக, பயத்தோடு, மரியாதை இல்லாமல்,
தெருவில் போகும் ஒரு மனிதனைக் கூப்பிடுவது போல,

ராயப்பன்.