எட்டு புள்ளி நாலு

என் ரத்தத்தைப் பற்றி முதலில் கவலைப்பட்டவன்
அதைக் குடிக்க வந்தவன்தான்.

பள்ளியில் விரலைக் குத்திப் பார்த்து
எட்டு புள்ளி நாலு என்று எழுதிப்போனார்கள்.
அப்பா வைத்த பெயர் செங்கொடி.
பெயரில் இருந்த சிவப்பு உடம்பில் இல்லை.
வியாழக்கிழமை தரும் இரும்பு மாத்திரையை
நாக்கடியில் ஒளித்து
சாக்கடையில் துப்பிவிடுவேன்.
அமலோர் ஒரே ஒரு சொட்டு ருசித்து
முகம் சுளித்தான்:
"ரெண்டாந்தரம் வடிச்ச டீ."

மூடிக்கிடந்த மில்லில் இருந்தான்,
முதலியார்பேட்டையில்.
அப்பா பதினெட்டு வருடம் நின்ற தறிக்கும் சுவருக்கும் நடுவே
வெயில் நுழையாத ஒரு மூலை,
எலி கடித்த பஞ்சுப் பொதி.
வயது பதினேழு.
எனக்கும்தான்.
அவனுக்கு அது எண்பத்தாறாவது தடவை.

குமாஸ்தா மாமாவோடு சைகோனுக்குக் கப்பலேறி
அங்கே எவளோ கடித்து
திரும்பும் வழியெல்லாம்
அரிசி மூட்டைக்கு அடியில் கிடந்தானாம்.
"எவளோன்னா?"
"பேரு ஞாபகமில்ல" என்றான்,
கொஞ்சம் சீக்கிரமாகவே.

கூப்பிடாத வீட்டுக்குள் அவனால் நுழைய முடியாது.
நான் கூப்பிடவில்லை.
கேட்டில் நின்றவனை டியூஷன் பையன் என்று நினைத்து
"ஏம்ப்பா வெளியவே நிக்கிற, உள்ள வா" என்றாள் அம்மா.
தட்டு வைத்தாள்.
ரசம் ஊற்றினாள்.
பூண்டு ரசம்.
கண்ணில் நீர் வழிய
மூன்று கரண்டி குடித்தான்.
"காரமாப்பா?"
"நல்லாருக்கும்மா."
வேறெதற்கும் இல்லை,
அந்த மூன்றாவது கரண்டிக்காகத்தான்.

ஏலம் எடுத்தவர்கள் விடிந்ததும் கூரையைப் பிரிக்கிறார்கள் என்று
அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.
பிசைந்துகொண்டே இருந்தார்.
நாலரைக்கு சைக்கிளை எடுத்தேன்.
பின்னால் அவன்.
எடையே இல்லை,
கேரியரில் சட்டை காயப்போட்டது போல.
நாய்கள் குரைக்காமல் எழுந்து வழிவிட்டன.

ரயில்வே கேட் மூடியிருந்தது.
ஏதோ கூட்ஸ்.
நான் பெட்டிகளை எண்ணினேன்,
அவன் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தான்.
எங்கள் ஊரில் சூரியன்
மலை, மரம் என்று எதன் பின்னாலும் தயங்குவதில்லை.
கடலைவிட்டு எழுந்ததும் நேரே தெருவுக்குள் வரும்,
தெருக்களை அதற்கென்றே கோடு போட்டு வெட்டினாற்போல.
முப்பத்தொன்பது, நாற்பது.
கேட் திறந்தபோது அவன் வலது கன்னத்தில்
மெலிதாகப் புகை.
சீருடைத் துப்பட்டாவை அவன் தலையில் சுற்றி
மிதித்தேன், மிதித்தேன்,
எட்டு புள்ளி நாலுக்கு
அவ்வளவு மிதிக்கக் கூடாது.

தேங்காய்த்திட்டு துறைமுகத்தில்
கொச்சிக்குப் போகும் மீன் லாரி.
டிரைவர் டீக்கடையில்.
வஞ்சிரங்களை ஒதுக்கி
ஐஸுக்குள் அவனைக் கிடத்தினேன்.
"குளிருதா?" என்றேன், முட்டாள் மாதிரி.
சிரித்தான்.
அந்தப் பற்களை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன்.

"கடி" என்றேன்.
பின்னலை ஒதுக்கிக் கழுத்தைக் காட்டினேன்.
மூச்சு விடாதவன்
மூச்சைப் பிடித்துக்கொண்டது போலிருந்தான்.
"செத்துருவ. அவ்ளோதான்.
திரும்பி எந்திரிக்க
உடம்புல ஏதாவது இருக்கணும்ல."

எங்கள் பக்கம் யாரையும் 'போ' என்று அனுப்புவதில்லை.
"போய்ட்டு வா" என்றேன், வாய்ப் பழக்கத்தில்.
சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது
அதில் ஒரு 'வா' இருப்பது.
மூடியைச் சாத்தினேன்.

மில்லில் அப்பா நின்ற இடத்தில்
இப்போது வெயில் நிற்கிறது.
வியாழக்கிழமைகளில்
மாத்திரையை எல்லார் எதிரிலும் விழுங்குகிறேன்.
முருங்கைக்கீரை. பேரீச்சை.
ஞாயிறானால் சுவரொட்டி வாங்கிவரச் சொல்லி
அடம்பிடிக்கிறேன்.
பெண்ணுக்குப் புத்தி வந்ததென்று அம்மாவுக்கு நிம்மதி.
நேற்று விரலைக் குத்திப் பார்த்த நர்ஸ் அக்கா
பத்து புள்ளி ஒன்பது என்று எழுதி
கன்னத்தைத் தட்டினாள்.
இன்னும் கொஞ்சம்தானாம்.
பன்னிரண்டு வந்தால் போதுமாம்.